யுன்னான் மலைகளின் சின்ன வெள்ளைக் காளான்: ஒரு நிகழ்வு ஆய்வு

சீனாவின் தென்மேற்கில் உள்ள யுன்னான் மாகாணத்தில், 1970களின் கடைசியிலிருந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், மழைக்காலம் வந்தாலே சில மலைக் கிராமங்களில் நன்றாக இருந்த ஆட்கள் திடீரென்று விழுந்து செத்தார்கள். மொத்தம் சுமார் 400 பேர் என்பது வெளியே வந்த கணக்கு. இதற்குக் காரணம் என்று கடைசியில் பிடிபட்டது ஒரு காட்டுக் காளான். அந்த ஊர்க்காரர்கள் அதைக் காலங்காலமாகப் பார்த்திருக்கிறார்கள், பறித்திருக்கிறார்கள், சமைத்திருக்கிறார்கள். ஆனால் அறிவியலில் அதற்குப் பெயர் இல்லை, விவரிப்பு இல்லை, உலர்த்திய மாதிரிகளைப் பாதுகாத்து வைக்கும் எந்த உலர்தாவரகத்திலும் அந்தப் பெயரில் ஒரு மாதிரி இல்லை.

புதிய சிற்றினம் ஒன்றை விவரிப்பது என்றால் ஆய்வகத்துக்குள் நடக்கும் வேலை, பெயர் வைத்தால் முடிந்தது என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். இந்த நிகழ்வில் அந்த வேலை உயிர் காக்கும் வேலையாக இருந்தது. அதனால்தான் வெளியான ஆய்வுக் கட்டுரைகளை வைத்து முழுக்கதையையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன். இறந்தவர்கள், குடும்பங்கள், ஆய்வாளர்கள் யாருடைய பெயரும் இதில் வராது.

## பின்னணி

யுன்னான் காளானுக்குப் பேர்போன இடம். ஜூன் மாதம் மழை இறங்கிவிட்டால் குடும்பம் குடும்பமாகக் காட்டுக்குள் போய்விடுவார்கள். மாட்சுடாகே ஜப்பானுக்குப் போகும். போலீட்டஸ் வகைகள் காயவைக்கப்பட்டு ஐரோப்பாவுக்குப் போகும். கறையான் புற்றிலிருந்து முளைக்கும் ஜிசோங் என்று ஒன்று உண்டு, நம் ஊர்ப் புற்றுக்காளான் சேர்ந்த அதே டெர்மிட்டோமைசிஸ் பேரினம்தான், அது உள்ளூர்ச் சந்தையிலேயே நல்ல விலைக்கு விற்றுவிடும். மலையில் இருக்கிறவர்கள் கையில் காசு புரளும் வாரங்கள் இவை.

இந்தத் தொழிலுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது, அதைப் புரிந்துகொண்டால்தான் மீதிக் கதை புரியும். விலை போவது சந்தைக்கு, விலை போகாதது வீட்டு அடுப்புக்கு. சாயங்காலம் கூடையைக் கவிழ்த்துப் பிரிக்கும்போது பெரியது, உறுதியானது, நிறம் கெடாதது எல்லாம் ஒரு பக்கம் போகும். உடைந்தது, சின்னது, வியாபாரி தொடாதது எல்லாம் இன்னொரு பக்கம். இந்த நிகழ்வின் காளான் எப்போதும் அந்த இரண்டாவது பக்கத்தில்தான் விழுந்தது. உருவத்தில் சின்னது, பறித்த பிறகு பழுப்படித்துவிடும், வாங்க ஆளே கிடையாது. ஊரில் அதற்கு இருந்த பெயரும் 'சின்ன வெள்ளைக் காளான்' என்பதுதான்.

விற்காத காளான் என்பதால் அது சந்தைக்கு வரவே இல்லை. சந்தைக்கு வராததால் நகரத்தில் யாரும் அதைச் சாப்பிடவில்லை, சந்தையைச் சோதிக்கிற அதிகாரி கண்ணிலும் படவில்லை, சந்தையில் காளான் மாதிரி சேகரிக்கிற ஆய்வாளர் கைக்கும் போகவில்லை. பறித்த குடும்பம் மட்டுமே சாப்பிட்டது, அந்தக் குடும்பத்தில் மட்டுமே சாவு விழுந்தது.

## என்ன கவனிக்கப்பட்டது

சாவுகளில் ஓர் ஒழுங்கு இருந்தது. கடல் மட்டத்திலிருந்து 1800 முதல் 2400 மீட்டர் வரை உயரமுள்ள கிராமங்கள், அதாவது ஏறக்குறைய கொடைக்கானல், ஊட்டி உயரம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, அதிலும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் குவிந்து வரும். மழைக்காலம் முடிந்தால் நின்றுவிடும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஒரே வீட்டில் அல்லது அக்கம்பக்கத்து வீடுகளில் சில நாட்களுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட சாவு.

இந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எந்த ஊரிலும் எப்போதாவது ஒருவர் மாரடைப்பில் திடீரென்று போவார், அதில் மர்மம் எதுவும் இல்லை. ஒரே வாரத்தில் ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று பேர், அதுவும் வயது வித்தியாசம் இல்லாமல் போனால் அதற்குப் பொதுவான ஒரு காரணம் இருந்தே ஆக வேண்டும். தனியாக நடந்த சாவையும் கொத்தாக நடந்த சாவையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் பின்னால் பெரிய பலன் கொடுத்தது.

சாவு எப்படி வந்தது என்று பார்த்தால், பேசிக்கொண்டோ வேலை செய்துகொண்டோ இருக்கும்போதே நினைவு தப்பிச் சரிவார்கள். இறந்தவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்குச் சில மணி நேரம் முன்னதாகப் படபடப்பு, குமட்டல், தலைசுற்றல், அசதி, வலிப்பு என்று ஏதாவது இருந்திருக்கிறது. மீதிப் பேருக்கு அதுகூடச் சொல்லும்படியாக இல்லை.

காளான் நஞ்சு என்றால் மருத்துவர்கள் மனதில் வருவது வேறு படம். அமனிட்டா வகை விஷக்காளானைச் சாப்பிட்டவருக்குப் பல மணி நேரம் கழித்துக் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும், ஒரு நாள் தேறியதுபோல் இருக்கும், அப்புறம் கல்லீரல் கெட்டு நாட்கணக்கில் இழுத்துத்தான் சாவு வரும். வேறு சில வகைகளில் வயிற்றோடு நிற்கும், சிலவற்றில் சித்தம் கலங்கும். யுன்னானில் நடந்தது இவை எதைப் போலவும் இல்லை, இதயம் திடீரென்று நின்றதுபோல் இருந்தது. காளான்மீது சந்தேகம் திரும்ப இத்தனை காலம் ஆனதற்கு இதை ஒரு முக்கியக் காரணமாக நான் நினைக்கிறேன்.

## முதல் சந்தேகங்கள்

இதய நோய் என்ற கோணத்திலேயே நீண்ட காலம் போனது. சீனாவின் கிராமப்புறங்களில் கேஷான் நோய் என்று ஒன்று உண்டு, மண்ணில் செலீனியம் குறைவாக உள்ள பகுதிகளில் இதயத் தசையைத் தாக்கும், யுன்னானும் அந்தப் பட்டையில் வரும் மாகாணம். இதயத் தசையைத் தாக்கும் வைரஸ்களும் பார்க்கப்பட்டன. இரண்டுமே அந்த இடத்துக்கும் அறிகுறிக்கும் பொருந்திய, நியாயமான சந்தேகங்கள். ஆனால் செலீனியக் குறைபாடு என்றால் இவ்வளவு கறாராக மழைக்கால வாரங்களுக்குள் ஏன் அடங்க வேண்டும், வைரஸ் என்றால் பக்கத்து ஊருக்குப் பரவாமல் ஏன் ஒரு வீட்டோடு நிற்க வேண்டும் என்ற கேள்விகளுக்கு விடை இல்லை.

பேரியம் என்ற உலோகத்தின் மீதும் சந்தேகம் விழுந்தது. உடலில் பேரியம் அளவுக்கு மீறினால் ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பு தாறுமாறாகும், அறிகுறிகள் அச்சாகப் பொருந்தும். காளான்கள் மண்ணிலிருந்து உலோகங்களை உறிஞ்சிச் சேர்ப்பதும் உண்மைதான். இந்த யோசனை பின்னால் முறையாகச் சோதிக்கப்பட்டுத் தள்ளப்பட்டது, அதைக் கீழே சொல்கிறேன்.

## கண்காணிப்பும் எச்சரிக்கையும்: 2006 முதல்

2000களின் நடுவில் சீன நோய்த் தடுப்பு மையத்தின் களத் தொற்றுநோயியல் பயிற்சித் திட்டத்தைச் சேர்ந்த குழு இந்த வேலையைக் கையில் எடுத்தது. அவர்கள் எடுத்த முடிவுகளில் மூன்று எனக்கு முக்கியமாகப் படுகின்றன.

முதலாவது, எதைக் கணக்கில் எடுப்பது என்பதற்கு ஒரு கறாரான வரையறை. காரணம் தெரியாமல் திடீரென்று உடல் நிலை மோசமாகி 24 மணி நேரத்துக்குள் இறந்தால் அது ஒரு நிகழ்வு. அப்படி இறந்தவரின் குடும்பத்திலோ நெருங்கிப் பழகுகிறவர்களிலோ ஒரு வாரத்துக்குள் யாருக்காவது எந்த உடம்பு சரியில்லாமல் போனாலும் அது 'லேசான நிகழ்வு'. இந்த இரண்டாவது வகையைச் சேர்த்ததுதான் புத்திசாலித்தனம். இறந்தவரிடம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்க முடியாது, அதே சட்டியிலிருந்து சாப்பிட்டுப் பிழைத்தவரிடம் கேட்கலாம், அவருடைய ரத்தத்தையும் எடுத்துப் பார்க்கலாம்.

இரண்டாவது, ஆதாரம் முழுமையாகக் கைக்கு வருவதற்கு முன்பே எச்சரிக்கை விடுவது. பழக்கமில்லாத காளான்களைச் சாப்பிட வேண்டாம் என்று கிராமங்களில் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். ஆய்வு என்ற கோணத்தில் பார்த்தால் இது வேலையைக் கடினமாக்கும், ஏனென்றால் எச்சரிக்கை பலித்தால் நிகழ்வுகள் குறையும், நிகழ்வு குறைந்தால் எண்களை வைத்து எதையும் நிறுவுவது சிரமம். தெரிந்தேதான் செய்தார்கள், செய்தது சரி.

ஆனால் அந்த எச்சரிக்கையில் ஒரு ஓட்டை இருந்தது. சின்ன வெள்ளைக் காளான் அந்த ஊர்க்காரர்களுக்குப் பழக்கமில்லாத காளானா என்ன? வருஷா வருஷம் காட்டில் பார்ப்பது, சில வீடுகளில் சமைப்பது. 'பழக்கமில்லாதது' என்ற சொல் ஆய்வாளருக்கு ஒரு காளானையும் பறிக்கிறவருக்கு வேறொரு காளானையும் குறித்தது. எந்தக் காளான் என்று விரல் நீட்டிச் சொல்ல வேண்டும் என்றால் முதலில் அது எது என்று தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, ஒப்பீட்டுக் குடும்பங்கள். சாவு நடந்த வீட்டில் மட்டும் கேட்காமல், அதே கிராமத்தில் சாவு நடக்காத வீடுகளிலும் அதே கேள்விகளைக் கேட்டார்கள்.

## காளான் மேலே வந்தது

2006 முதல் 2009 வரை 11 மாவட்டங்களின் 21 கிராமங்களில் 33 திடீர்ச் சாவுகள் பதிவாயின. அவற்றில் கொத்தாகச் சாவு நடந்த 7 குடும்பங்களை எடுத்துக்கொண்டால், 5 குடும்பங்கள் அந்தச் சின்ன வெள்ளைக் காளானைச் சாப்பிட்டிருந்தன. அதே கிராமங்களின் 31 ஒப்பீட்டுக் குடும்பங்களில் ஒன்றுகூடச் சாப்பிடவில்லை.

7க்கு 5, 31க்கு 0. எண்ணிக்கை சின்னதுதான், ஆனால் இவ்வளவு தெளிவான பிளவு தற்செயலாக வராது. மீதி இரண்டு குடும்பங்களை என்ன செய்வது என்று கேட்பவர்கள் உண்டு. சாவு விழுந்த வீட்டில், பல காளான்களை ஒன்றாகப் போட்டுச் சமைத்த ஒரு சாப்பாட்டில் இன்ன காளான் இருந்ததா என்று பின்னால் நினைவுகூர்வது எவ்வளவு கடினம் என்பதையும் சேர்த்துத்தான் அந்த இரண்டைப் பார்க்க வேண்டும்.

அப்புறம் ஊர்களையே ஒப்பிட்டார்கள். 1975 முதல் 2009 வரை கொத்துச் சாவு நடந்த 61 கிராமங்களில் 75 சதவீதத்தில் இந்தக் காளான் அருகிலேயே முளைத்தது. தனித்தனிச் சாவு மட்டுமே பதிவான 18 கிராமங்களில் 17 சதவீதத்தில்தான் அது இருந்தது. கொத்துச் சாவையும் தனிச் சாவையும் பிரித்து வைத்த பலன் இங்கே கிடைத்தது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்திருந்தால் சாதாரண மாரடைப்புச் சாவுகள் உள்ளே புகுந்து இந்த வித்தியாசத்தை மங்கடித்திருக்கும்.

## இனம் காணும் வேலை

சந்தேகப்பட்ட காளான் குன்மிங் நகரில் உள்ள சீன அறிவியல் கழகத்தின் தாவரவியல் நிறுவனத்துக்குப் போனது. அங்கே பூஞ்சை வகைப்பாட்டில் பழுத்த ஆட்கள் இருக்கிறார்கள், யுன்னான் காளான்களுக்குப் பெரிய உலர் மாதிரித் தொகுப்பும் இருக்கிறது.

கையில் எடுத்துப் பார்த்தால் எப்படி இருக்கும்? நாம் படத்தில் பார்க்கும் குடைக் காளான் உருவம் இல்லை. விசிறிபோல, பூவிதழ்போல ஒரு பக்கமாக விரிந்தது, நடுவில் குடையைத் தாங்கும் நெடிய காம்பு கிடையாது, ஓரமாக ஒரு குட்டைக் காம்பு. வெள்ளை என்று பெயர் இருந்தாலும் லேசான இளஞ்சிவப்புச் சாயல் இருக்கும். அடியில் தகடு தகடாக இருக்கும் செவுள்கள் காம்பை நோக்கி இறங்கி ஓடும். மட்கிய மரத்தில் கொத்தாக முளைக்கும். காட்டுக்குள் இப்படி வெளுத்த, விசிறி வடிவ, மரத்தில் வளரும் காளான்கள் எத்தனையோ இருக்கின்றன, சிப்பிக்காளானும் தூரத்துப் பார்வைக்கு இப்படித்தான். ஆக வெறும் கண்ணை நம்பி முடிவு சொல்ல வழியில்லை.

புதிய இனம் என்று சந்தேகம் வந்தால் வேலை பொதுவாக இப்படிப் போகும். புதிதாகப் பறித்த நிலையில் நிறம், மணம், அளவு, வளர்ந்த இடம், உயரம், தேதி எல்லாம் குறித்துக்கொண்டு நிழற்படம் எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் காய்ந்த பிறகு இதில் பாதி காணாமல் போய்விடும், இந்தக் காளானில் நிறம் அதற்கு முன்பே மாறிவிடும். அப்புறம் மிதமான சூட்டில் உலர்த்த வேண்டும். செவுளில் ஒரு மெல்லிய சீவல் எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் நனைத்து, நுண்ணோக்கியில் வித்திகளின் (காளானின் விதைபோன்ற நுண்துகள்கள்) நீளம், அகலம், அவற்றைத் தாங்கும் செல்கள், இழைகளின் அமைப்பு என்று ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். அயோடின் கலந்த மெல்ட்சர் கரைசலில் வித்தி நீலமாக மாறுகிறதா என்று பார்ப்பார்கள், சில பேரினங்கள் அந்த ஒரு சோதனையிலேயே பிரிந்துவிடும். ஒரு வித்தியை அளந்து முடிவுக்கு வர முடியாது, பல மாதிரிகளிலிருந்து நிறைய வித்திகளை அளந்து அந்த வீச்சைத்தான் எழுத வேண்டும்.

இதெல்லாம் காளானை ட்ரோகியா என்ற பேரினத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. பெரும்பாலும் வெப்பமண்டலத்தைச் சேர்ந்த, மட்கும் மரத்தில் வாழும் சின்னப் பேரினம், அதில் ஆளைக் கொல்லும் காளான் இருக்கும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். இதே பேரினத்தில் ட்ரோகியா இன்ஃபண்டிபுலிஃபார்மிஸ் என்று ஒன்று முன்பே தெரியும். 19ஆம் நூற்றாண்டில் இலங்கையில் சேகரித்த காளான்களை வைத்து பெர்க்லி, ப்ரூம் என்ற இருவர் பெயரிட்டது அது. உருவ ஒற்றுமை இருந்ததால் யுன்னான் காளானை அதனோடு ஒப்பிட வேண்டியிருந்தது. நெருங்கிய சொந்தமா, அதேதானா என்பது சாதாரணக் கேள்வி இல்லை. அதேதான் என்றால் இலங்கை முதல் கிழக்காசியா வரை பரவிய ஒரு காளானைக் கொலைகாரன் என்று அறிவிப்பதாகிவிடும்.

இங்கே டிஎன்ஏ கைகொடுத்தது. பூஞ்சைகளில் ஐடிஎஸ் என்று ஒரு டிஎன்ஏ பகுதி இருக்கிறது, ஒரே இனத்துக்குள் கிட்டத்தட்ட ஒரே மாதிரியும் இனத்துக்கு இனம் போதுமான அளவு மாறுபட்டும் இருக்கும். உருவம், வளரும் சூழல், ஐடிஎஸ் வரிசை மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது இது தனி இனம் என்று தெரிந்தது. மூன்றும் ஒரே திசையைக் காட்டியதால்தான் நம்பிச் சொல்ல முடிந்தது. டிஎன்ஏ வரிசையை மட்டும் வைத்துக்கொண்டு புதிய இனம் என்று அவசரப்படுகிறவர்கள் இந்தக் கட்டத்தைக் கவனிக்க வேண்டும். காட்டில் பறிக்கிறவரால் டிஎன்ஏவைப் பார்த்து ஒதுக்க முடியாது. விசிறி வடிவத்தையும், சாயலையும், மட்கிய மரத்தையும் பார்த்துத்தான் அவர் ஒதுக்க முடியும். அதை எழுதிக்கொடுப்பது உருவ விவரிப்புதான்.

ட்ரோகியா வெனெனாட்டா என்ற பெயரில் 2012இல் விவரிப்பு வெளியானது. பூஞ்சைப் பெயர்களுக்கு ஒரு சட்டம் இருக்கிறது: பெயர் செல்லுபடியாக வேண்டும் என்றால் ஒரு குறிப்பிட்ட உலர் மாதிரியை இதுதான் மூல வகை என்று அறிவித்து, எந்த உலர்தாவரகத்தில் இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். நாளை யாராவது பக்கத்து நாட்டுக் காட்டில் இதேபோல ஒன்றைப் பறித்து, இதுவும் அந்தக் காளான்தானா என்று கேட்டால், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிரந்தரமான பொருள் இருக்கிறது. 'யுன்னானில் ஒரு வெள்ளைக் காளான்' என்று மட்டும் எழுதி வைத்திருந்தால் அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது.

## நஞ்சு என்ன

சாப்பிட்டவர்கள் இறந்தார்கள் என்பது ஒன்று, காளானுக்குள் கொல்லும் பொருள் இருக்கிறது என்பது இன்னொன்று. அதனால் வேதியியலாளர்கள் காளான் சாற்றைப் பிரித்துப் பிரித்து எலிகளில் சோதித்தார்கள். மூன்று பொருட்கள் கிடைத்தன. இரண்டு அதுவரை யாரும் இயற்கையில் கண்டிராத அமினோ அமிலங்கள், புரதத்தில் வருகிற வகை கிடையாது, மூலக்கூறின் நுனியில் இரண்டு கார்பன் அணுக்களுக்கு இடையே முப்பிணைப்பு உள்ளவை. மூன்றாவது காமா குவானிடினோபியூட்டிரிக் அமிலம், முன்பே தெரிந்த பொருள்.

பேரியத்தையும் விட்டுவிடவில்லை. காளானில் அதன் அளவை நேராக அளந்து பார்த்தபோது மிகக் குறைவாக இருந்தது, பேரியத்தால் ஒருவர் சாக வேண்டும் என்றால் கிலோ கணக்கில் இந்தக் காளானைத் தின்ன வேண்டியிருக்கும். இந்த மறுப்பைத் தனிக் கட்டுரையாகவே 2012இல் வெளியிட்டார்கள். தவறான சந்தேகத்தை முறையாக மூடிவைப்பதும் கண்டுபிடிப்புதான் என்பது என் கருத்து. இல்லாவிட்டால் பத்து வருஷம் கழித்து வேறு யாராவது அதையே மறுபடி தொடங்குவார்கள்.

எலிச் சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது. காளான் சாறு கொடுத்த எலிகளுக்கு இறப்பதற்கு முன் ரத்தச் சர்க்கரை படுபாதாளத்துக்கு இறங்கியது. புரதத்தில் சேராத அமினோ அமிலங்கள் சர்க்கரையை இறக்குவது நமக்குப் புதிது இல்லை. பீகாரின் முசாஃபர்பூரில் இரவு சாப்பிடாமல் லிச்சிப் பழம் தின்ற குழந்தைகளுக்கு வலிப்பு வந்ததற்குப் பின்னால் ஹைப்போகிளைசின் என்ற இதேமாதிரியான பொருள் இருந்ததை 2017இல் வந்த ஆய்வு காட்டியது. இரண்டு நஞ்சும் ஒன்று இல்லை, ஆனால் மருத்துவர் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதற்கு நல்ல சைகை.

## என்ன ஆனது

2002–2005 காலத்தோடு ஒப்பிட்டால் 2006–2009இல் திடீர்ச் சாவுகள் 73 சதவீதம் குறைந்தன. காளான்மீது குற்றம் முழுதாக நிரூபணமாகும் முன்பே, பொதுவான எச்சரிக்கை காலத்திலேயே வந்த சரிவு இது. 2010இல் விஷயம் உலகச் செய்தியானது. இனம் பிடிபட்ட பிறகு எச்சரிக்கையும் மாற முடிந்தது. பழக்கமில்லாத காளான் என்று பொதுவாகச் சொல்வதற்குப் பதில், இந்த வடிவம், இந்த நிறம், இந்த மரத்தில் வளரும் இது, இதைத் தொடாதீர்கள் என்று சொல்லலாம்.

இதனால் இன்னொரு நன்மையும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. காளான் விற்று வாழும் குடும்பத்திடம் காளானே வேண்டாம் என்று சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், கேட்டாலும் பட்டினிதான். விலை போகாத ஒரே ஒரு காளானை விட்டுவிடுங்கள் என்றால் யாருக்கும் நஷ்டம் இல்லை. சரியான பெயரும் சரியான விவரிப்பும் இருந்ததால்தான் எச்சரிக்கையை இவ்வளவு குறுக்க முடிந்தது.

## இன்னொரு முறை நடந்தால் என்ன மாற வேண்டும்

முதலில், வகைப்பாட்டியலாளர் கடைசியில் வந்து பெயர் சொல்லும் ஆளாக இருக்கக் கூடாது. காரணம் தெரியாத சாவு காட்டை ஒட்டிய ஊரில், ஒரு பருவத்தில் மட்டும் நடக்கிறது என்றால், அந்தப் பருவத்தில் அங்கே முளைக்கிற, காய்க்கிற, பறிக்கப்படுகிற எல்லாவற்றையும் பட்டியல் போடும் ஆள் முதல் குழுவிலேயே வேண்டும். மருத்துவர் குழு சாவைத் தேடிப் போகும்போது காளான் ஆள் காட்டுக்குள் போக வேண்டும், அதுவும் அதே மழையில், ஏனென்றால் ஒரு மாதம் தள்ளிப் போனால் மரத்தில் ஒன்றும் இருக்காது.

சாப்பாட்டில் மிஞ்சியது, கூடையில் கிடப்பது, குப்பையில் போட்ட காம்புத் துண்டு எதுவாக இருந்தாலும் முதல் நாளே எடுத்துப் பாதியை உலர்த்தி, பாதியை உறையவைக்க வேண்டும். உலர்ந்தது வகைப்பாட்டுக்கு, உறைந்தது நஞ்சுச் சோதனைக்கு. சமைத்த துண்டிலிருந்துகூட இப்போது டிஎன்ஏ எடுக்க முடிகிறது. சில கிராம் காளான் வைத்திருந்தால் பல ஆண்டுகள் மிச்சமாகியிருக்கும் என்பதை நினைத்தால் மனது கனக்கிறது.

கேள்வி கேட்கும் முறையும் மாற வேண்டும். 'விஷக்காளான் ஏதாவது சாப்பிட்டீர்களா' என்று கேட்டால் யாரும் ஆமாம் என்று சொல்ல மாட்டார்கள், தெரிந்தா சாப்பிட்டார்கள்? இன்றைக்கு எதையெல்லாம் பறித்தீர்கள், அதில் எதை விற்றீர்கள், விற்காததை என்ன செய்தீர்கள் என்று கேட்க வேண்டும். விற்காததைப் பற்றிய கேள்வியில்தான் இந்தக் காளான் இருந்தது. பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் பறித்துச் சமைக்கும் வீட்டில் குடும்பத் தலைவரிடம் மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பினாலும் இது நழுவிவிடும். பறித்தவரையே கூட்டிக்கொண்டு அதே மரத்துக்குப் போய்க் காட்டச் சொல்வது இன்னும் நல்லது.

மருத்துவப் பக்கம் ஒன்றே ஒன்று. ஒரு வீட்டில் ஒருவர் இப்படி விழுந்துவிட்டார், இன்னொருவருக்குத் தலைசுற்றுகிறது, அசதியாக இருக்கிறது என்றால், காரணம் தேடுவதற்கு முன்பே விரலில் ஒரு துளி ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்க வேண்டும். இறங்கியிருந்தால் குளுக்கோஸ் ஏற்றலாம், மலை ஊரின் சின்னச் சுகாதார நிலையத்தில்கூட இது முடியும். எலியில் கண்டது மனிதர்களுக்கும் அப்படியே பொருந்தும் என்று வைத்துக்கொள்ள முடியாது, இதயத் துடிப்பையும் கூடவே கண்காணிக்கத்தான் வேண்டும். ஆனால் சர்க்கரை பார்க்க ஒரு நிமிஷம் போதும், பார்த்ததால் யாருக்கும் கெடுதல் வராது. பார்க்காமல் விட்ட லேசான நிகழ்வுகளில் எத்தனை பேர் மறுநாள் சாவுக் கணக்கில் சேர்ந்தார்கள் என்று இனிமேல் யாராலும் எண்ணிச் சொல்ல முடியாது.